ஈப்போவில் இரண்டு புள்ளிகள்

ஈப்போ ரயில் நிலையத்தில் என்னை அழைத்துப் போக வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த அட்டைப் பெட்டியைத்தான் பார்த்தார். டிஸ்கெட்டுகள் பத்திரமாக வந்து சேர்ந்தனவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் பிறகுதான் கைகொடுத்துத் தன் பெயர் கனகரத்தினம் என்றும், தொழிற்சாலையின் கணக்காளர் என்றும் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. யாழ்ப்பாணத்துத் தமிழர். அவருடைய அப்பா ரயில்வே வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தவராம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சென்னையில் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் நான் பொறியாளன். சிங்கப்பூர்க் கிளையில் இந்த வேலைக்கு இருந்தவர் படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டதால் என்னை அனுப்பினார்கள். ஈப்போவுக்கு வெளியே ஜப்பானியர் நடத்தும் ஒரு தொழிற்சாலை. இயந்திரங்களுக்கான ரப்பர் வளையங்கள் செய்கிறார்கள். சரக்கு ஜப்பானுக்குப் போவதால் சீட்டுகளை ஜப்பானிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். அந்தப் பிரிண்டருக்கு எங்கள் கம்பெனி கொடுத்திருந்த எழுத்துருக்களில் சில தவறு என்று கண்டுபிடித்து, திருத்தியவற்றை டிஸ்கெட்டில் அனுப்பியிருந்தார்கள். அவற்றை ஏற்றிவிட்டு வர வேண்டியது என் வேலை.

எனக்கு ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை, எல்லாம் புள்ளிகள்தான் என்றார்கள். உண்மைதான். ஒவ்வோர் எழுத்தும் இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு கட்டத்தில் வைத்த புள்ளிகள், வாசல் கோலம் மாதிரி. புறப்படும் முன் சிங்கப்பூர் மேலாளர் தொலைபேசியில் இன்னொன்றும் சொன்னார். வேலை அறிக்கையில் "புதிய எழுத்துருக்கள் ஏற்றப்பட்டன, நன்றாக வேலை செய்கின்றன" என்று மட்டும் எழுது, பழையது தவறாக இருந்தது என்று எங்கேயும் எழுதாதே என்றார். அதில் எனக்கு விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கனகரத்தினம் என்னை ஹோட்டலில் இறக்கிவிட்டு, காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். கீழே தகரச் சாமான் கடை, மேலே பத்து அறைகள். என் அறையில் ஒரு பெரிய கட்டில், இரண்டு தலையணை, ஜன்னலுக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக் குன்று. ஊரைச் சுற்றிலும் இப்படிக் குன்றுகள். வயலும் கடையும் வீடும் இருக்கிற சமதரையில் திடீர் திடீரென்று செங்குத்தாக நிற்கின்றன. பரங்கிமலையை ஒரு மலை என்று சொல்லி வளர்ந்தவன் நான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

மாலையில் தெருமுனையில் இருந்த மாமாக் கடைக்குப் போனேன். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு அங்கே அதுதான் பெயர். ரொட்டி சானாய் என்று கொடுத்தது நம் ஊர்ப் பரோட்டாவின் மெலிந்த தம்பி. தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. டீயை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு முழ உயரத்தில் இழுத்து ஊற்றினார்கள். கல்லாவில் இருந்த பாய்க்குப் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். ஊர் விசாரித்தார், வேலை விசாரித்தார், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ராயப்பேட்டையில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். ஆனால் ஏனோ "ரெண்டு" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு சந்தோஷம். ஆணா பெண்ணா என்று கேட்டார். ஒவ்வொன்று என்றேன். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவர் மறக்காமல் விசாரித்தார். மகளுக்குப் பரீட்சை என்றும் மகனுக்குக் கணக்கு வராது என்றும் நான் சொல்லிக்கொண்டே போனேன். பொய் சொல்வது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அதுவரை தெரியாது. அறைக்குத் திரும்பிய பிறகுதான் கஷ்டம்.

வெள்ளிக்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போனோம். ஒரு ரப்பர் தோட்டத்தின் முன்பாதியை வெட்டி எடுத்துவிட்டுக் கட்டியது. பின்பாதி அப்படியே இருந்தது. வரிசை வரிசையாகப் பால் மரங்கள், இடுப்பில் வெட்டுத் தழும்பு, அடியில் காலிக் கிண்ணங்கள். இப்போது யாரும் பால் வெட்டுவதில்லையாம். நம் ஊரில் எரிகிற டயரின் நாற்றம்தான் ரப்பரின் நாற்றம் என்று நினைத்திருந்தேன். இங்கே புளித்த பாலும் புகையும் கலந்த ஒரு வாசனை. முதல் அரை மணி நேரம் குமட்டியது, பிறகு பழகிவிட்டது.

கம்ப்யூட்டர் அறையில் குளிர் எலும்பில் ஏறியது. வெளியே அனல். வெளியிலிருந்து கொண்டுவந்த டிஸ்கெட்டை உடனே போட்டால் அதன்மேல் ஈரம் படிந்து கெட்டுவிடும். எனவே பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு தட்டச்சுப் பலகைகள் இருந்தன. ஒன்றில் ஒரு மலாய்ப் பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். இன்னொன்றின்மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது.

முதல் டிஸ்கெட்டைப் போட்டதும் இயந்திரம் இருமியது; படிக்க முடியவில்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் இருமல். கனகரத்தினம் என் பின்னால் கைகட்டி நின்றார். இரண்டாவது பிரதி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதுவும் போனால் நான் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அதை உள்ளே தள்ளிவிட்டு, மேசைக்கடியில் விரல்களைக் கோத்துக்கொண்டேன். அது படித்தது. பிற்பகல் மூன்று மணிக்கு எழுத்துருக்கள் ஏறிவிட்டன. ஏற்றுவதற்கு முன் பழைய எழுத்துகளை ஒரு தாளிலும், ஏற்றிய பின் புதியவற்றை இன்னொரு தாளிலும் அச்சடித்துக்கொண்டேன். மொத்தம் முப்பத்தொரு எழுத்துகள். இதற்குள் வெளியே மழை பிடித்துவிட்டது. அங்கே பிற்பகல் மழை அலுவலகத்துக்கு வருகிற மாதிரி நேரத்துக்கு வருகிறது.

சனிக்கிழமை அரைநாள் வேலை. அன்று காலை மேலாளர் நகாயாமா வந்து தாள்களைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதுக்காரர். நான்கு வருடமாக ஈப்போவில் தனியாக இருக்கிறார். மனைவியும் பிள்ளைகளும் ஜப்பானில். முந்தின நாள் மதியம் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன், தன் மேசையிலேயே கிண்ணத்தில் நூடுல்ஸ் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே ஒரு செய்தித்தாளை, ஆள் உட்கார்ந்திருப்பதுபோலச் சாய்த்து நிறுத்தியிருந்தார்.

அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் சேர்ந்தால் அரை ஆங்கிலம் ஆகும். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஒன்றில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, ஒன்றில் கால் குட்டை. தலையாட்டிக்கொண்டே வந்தவர் பத்தொன்பதாவதில் நின்றார். பென்சில் நகரவில்லை. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு எழுத்துகளை எழுதிக் காட்டினார். இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஒரு நட்ட கம்பு, குறுக்கே இரண்டு கோடு, கீழே இரண்டு பக்கமும் சரியும் கிளை. மேல் கோடு குட்டையாகவும் கீழ்க் கோடு நீளமாகவும் இருந்தால் "இன்னும் இல்லை" என்று பொருள். மேல் கோடு நீளமாக இருந்தால் "கடைசி". பழைய எழுத்துருவில் முதல் எழுத்தின் மேல் கோட்டில் இரண்டு புள்ளிகள் கூடிப்போயிருந்தன. "இன்னும் இல்லை" என்று அடித்தால் "கடைசி" என்று அச்சாகியிருக்கிறது.

அதனால் என்ன ஆயிற்று என்று கேட்டேன். சோதனை செய்யாமல் அனுப்பிய ஒரு சரக்குக்கு, அங்கே போய்ச் சோதிக்க வேண்டும் என்பதற்காக, "இன்னும் சோதனை இல்லை" என்று சீட்டு ஒட்டினார்கள். அங்கே இருந்தவர்கள் அதைக் "கடைசிச் சோதனை" என்று படித்து, எல்லாம் முடிந்தது என நினைத்து வளையங்களை இயந்திரங்களில் மாட்டிவிட்டார்கள். பல வளையங்கள் கிழிந்தன. ஓர் ஆளின் கையில் சூடான எண்ணெய் கொட்டியது. தலைமை அலுவலகத்திலிருந்து காரணம் கேட்டு எழுதியபோது, தட்டச்சு செய்த பெண் தவறான எழுத்தை அடித்துவிட்டாள் என்று பதில் போயிற்று. அவளை வேலையிலிருந்து நீக்கி மூன்று மாதம் ஆகிறது.

"நான் சீட்டைப் பார்த்தேன். தவறான எழுத்து இருந்தது. எனவே அவள் தவறு செய்தாள் என்று நினைத்தேன்," என்றார் நகாயாமா. "இயந்திரத்தை நான் நினைக்கவில்லை."

கனகரத்தினம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நீக்கக் கடிதத்தை எழுதியவர் அவர்தான். இரண்டு தாளையும் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது, ஆனால் புள்ளியை எண்ணத் தெரியும். பிறகு மேசையில் வைத்தார்.

சிங்கப்பூர் மேலாளருக்குத் தொலைபேசி போட்டேன். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, அறிக்கையில் நான் சொன்னதை மட்டும் எழுது, ஒரு சொல் கூடினாலும் நஷ்ட ஈடு கேட்டு நம் தலையில் ஏறுவார்கள், உன் வேலைக்கும் நான் பொறுப்பில்லை என்றார். நான் உட்கார்ந்து, புதிய எழுத்துருக்கள் ஏற்றப்பட்டன, நன்றாக வேலை செய்கின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். ஒழுங்கான கையெழுத்தாகவே விழுந்தது.

கிளம்பும்போது நகாயாமா என்னைக் கூப்பிட்டு அந்த இரண்டு தாள்களின் நகலையும் கொடுத்தார். அந்தப் பெண்ணிடம் இதைக் காட்ட முடியுமா என்று கேட்டார். தான் போனால் என்ன மொழியில் பேசுவது என்றார். நீங்கள் அவள் மொழி பேசுகிறவர் அல்லவா என்றார். முகவரியைக் கனகரத்தினம் எழுதிக் கொடுத்தார். தனலெட்சுமி, சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டம், இத்தனாவது லயம், இத்தனாவது வீடு.

"அங்க போய் என்ன சொல்லப் போறியள்?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்து நிலையத்தில், சுங்கை சிப்புட் என்று நான் சொன்னதை டிக்கெட்காரர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ தெரியவில்லை. கை காட்டிய வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து வண்டி ஒரு கூட்டுரோட்டில் நின்றது, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கேட்டால் சிம்பாங் பூலாய் என்றார்கள். நான் போக வேண்டியது ஈப்போவுக்கு வடக்கே, வந்திருப்பது தெற்கே. கிழக்கே ஒரு பாதை அங்கே பிரிகிறது. ஒரு பக்கம் கல்லுடைக்கும் குன்று, பாதி தின்ற வெல்லக்கட்டி மாதிரி. திரும்பிப் போகிற பேருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கோப்பிக் கடையில் உட்கார்ந்து, "கோப்பி ஓ" என்று கொடுத்த பால் இல்லாத கறுப்புக் காப்பியைக் குடித்தேன். டிகிரி காப்பிக்குப் பழகின நாக்கு முதல் வாயில் முகம் சுளித்தது.

பக்கத்து மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணே, தமிழ்நாடா?" என்று கேட்டார். பெயர் முனியாண்டி, லோரி ஓட்டுகிறார், கல் ஏற்றுகிற லோரி. ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நடை அடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். வீடு எங்கே என்றேன். சுங்கை சிப்புட். நான் வழிதவறிய கதையைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு. "ஏறுங்க லா, போலாம். வெறும் லோரிதான்," என்றார்.

காலி லோரி, குழியில் விழும்போதெல்லாம் எங்கள் இரண்டு பேரையும் கூரைக்கு அனுப்பி வைத்தது. முனியாண்டி பேசிக்கொண்டே ஓட்டினார். அவர் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கியது, அது இன்னொரு கம்பெனிக்கு விற்றது, பால் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். பாதிப் பேர் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போய்விட்டார்கள். எனக்குப் பிள்ளைகள் எத்தனை என்று அவரும் கேட்டார். கல்யாணமே ஆகவில்லை என்றேன். அவர் கியரை மாற்றினார். பிறகு, "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை அங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். இல்லை என்றதும், இருக்கைக்கு அடியிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிக் கருவாடு, ஒரு பாதி முட்டை. லோரி ஆட்டத்தில் பாதி சட்டையில் போயிற்று. அந்தப் பயணத்தில் நான் ருசித்துச் சாப்பிட்டது அதுதான்.

தோட்டத்து முகப்பில் இறக்கிவிட்டு, லயம் எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டுப் போனார். செம்மண் பாதை. இரண்டு பக்கமும் செம்பனை. கீழே வெயிலே விழாத இருட்டு. லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. அவற்றில் ஐந்துக்குக் கதவில்லை. ஒரு வீட்டு வாசலில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண் கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். விரல்கள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. தனலெட்சுமி யார் என்று கேட்டேன்.

"நான்தான். நீங்க யாரு சார்?"

பிரிண்டர் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றேன். கழுவுவதை நிறுத்தினாள். உள்ளே வரச் சொன்னாள். அவள் அம்மா சுருங்கிய கண்ணோடு என்னைப் பார்த்துவிட்டு, மைலோ என்ற சாக்லேட் பானம் கலக்கப் போனார். அப்பா இல்லை, படம் சுவரில் இருந்தது. நான் தாள்களை எடுத்துப் பெஞ்சில் விரித்தேன். எந்த எழுத்து என்று நான் சொல்லவில்லை. அவளே வரிசையில் விரலை வைத்துக்கொண்டு வந்து பத்தொன்பதாவதில் நிறுத்தினாள்.

"நாலு நாலு கோசோங் நாலு," என்றாள். கோசோங் என்றால் மலாயில் சுழி. ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு இலக்க எண் உண்டு. அதைத்தான் அவர்கள் தட்டச்சு செய்வது. அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல் அவளுக்கு அறுநூறு எண்களுக்குமேல் மனப்பாடமாக இருந்தன. "கடைசின்னு அவங்க சொன்ன எழுத்து நாலு மூணு எட்டு ஆறு சார். அது கையில வேற எடத்துல இருக்கு. தப்பா அடிக்கணும்னாகூட இத அது மாதிரி அடிக்க முடியாது. அப்பவே சொன்னேன்."

யாரிடம் சொன்னாள் என்று கேட்டேன். கனகரத்தினத்திடம் சொல்லியிருக்கிறாள். இயந்திரம் தவறு செய்யாது, மனிதர்கள்தான் செய்வார்கள் என்று அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னாராம். கடிதத்தில் "கவனக்குறைவு" என்று எழுதியிருந்தது. ஈப்போவில் இரண்டு அலுவலகங்களில் வேலை கேட்டுப் போனாள். பழைய வேலையை ஏன் விட்டாய் என்றார்கள், கடிதத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டினாள். அத்தோடு சரி. காப்புறுதி என்று அங்கே சொல்கிற இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் மட்டும், இதற்கு விளக்கம் ஏதாவது வாங்கி வந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை அம்மாவோடு செம்பனையில் உதிர்ந்த பழம் பொறுக்கப் போகிறாள். அந்தச் சாயம் விரலைவிட்டுப் போகாது.

தவறு உன்னுடையது இல்லை, இயந்திரத்தினுடையது, இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எழுத்துல குடுப்பீங்களா சார்?"

நான் மைலோவைக் குடித்தேன். நேற்றே அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

"வாயால சொல்றதா இருந்தா, அது எனக்கு முந்தியே தெரியும் சார்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்துக்காக ஒருவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று பரிதாபப்பட்ட மாதிரி இருந்தது.

எழுந்தேன். நாளைக்கு மூன்று மணிக்குத் தொழிற்சாலைக்கு வர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றாள். எழுத்தில் தருகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வருகிறேன், ஆனால் கேட்டுக்கு உள்ளே வர மாட்டேன் என்றாள்.

திரும்பும்போது சரியான பேருந்துதான் கிடைத்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வேலை போனால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டேன். எனக்கு யாரையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பில்லை. தனியாக இருப்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. மகிழ்ச்சியாக இல்லை. ஆனால் உண்மை. மாமாக் கடையில் பாய் பிள்ளைகளை விசாரித்தபோது, எனக்குப் பிள்ளைகள் இல்லை, சும்மா சொன்னேன் என்றேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கேட்காமலே இன்னொரு ரொட்டி கொண்டுவந்து வைத்தார்.

திங்கட்கிழமை காலை கனகரத்தினத்திடமிருந்து அறிக்கையின் இரண்டு பிரதிகளையும் திரும்ப வாங்கினேன். கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் பேனாவால் எழுதினேன்: பழைய எழுத்துருவில் நாலு நாலு சுழி நாலு என்ற எண்ணுக்குரிய எழுத்து ஆரம்பத்திலிருந்தே தவறாக அமைந்திருந்தது, சரியான எண்ணைத் தட்டச்சு செய்தாலும் வேறு எழுத்தாகவே படிக்கும்படி அச்சாகும், தட்டச்சு செய்தவர்மேல் தவறில்லை. தேதி போட்டு மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை கையெழுத்து கோணலாக விழுந்தது.

இதற்கு விலை உண்டு. சிங்கப்பூர் மேலாளர் அதன்பின் என்னோடு பேசவேயில்லை. சென்னைக்குத் திரும்பிய மாதமே என்னை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அந்த அறையில் இரண்டு வருடம் திருகாணி எண்ணினேன். அதன் பிறகு நானே விலகிவிட்டேன். வெளிநாட்டுப் பயணம் என்று எனக்கு வாய்த்தது இது ஒன்றுதான்.

நகாயாமா நான் எழுதியதைப் படித்துவிட்டு, எழுந்து நின்று எனக்குத் தலைகுனிந்தார். நானும் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கைகூப்பினேன். கனகரத்தினம் இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பிள்ளை எனக்குச் சொன்னவள்," என்றார். "நான் கேக்கேல்லை. தோட்டத்துப் பிள்ளை, அவசரத்தில அடிச்சிருப்பாள் எண்டு நினைச்சன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் வந்தது. குமாஸ்தாவிடம் கொடுக்காமல் அவரே அடித்தார்.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். வழக்கம்போல மழையும் வந்துவிட்டது. காவலாளியின் கூண்டுக்குள் ஒதுங்கி நின்றாள். வெளிர் நீலப் பாவாடையும் சட்டையும் போட்டு, தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள், வேலைக்கு வருகிற மாதிரி. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கனகரத்தினம் குடையைப் பிடித்துக்கொண்டு, கடிதத்தை ஈரம் படாமல் சட்டைக்குள் வைத்து, முற்றத்தைக் கடந்து தானே வந்தார். முன்பு கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம், தவறு இயந்திரத்தில்தான் இருந்தது, இவருடைய வேலையில் எந்தக் குறையும் இல்லை, நிர்வாகம் வருந்துகிறது என்று கம்பெனித் தாளில், முத்திரையோடு. மறுபடியும் வேலைக்கு வரலாம் என்றும் ஒரு வரி இருந்தது.

அவள் அவசரப்படாமல் படித்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், என் பேரு தப்பா இருக்கு."

கனகரத்தினம் வாங்கிப் பார்த்தார். லட்சுமி என்பதை ஆங்கிலத்தில் முறையாக எப்படி எழுதுவார்களோ அப்படி எழுதியிருந்தார். சரியாகத்தானே இருக்கிறது என்றார்.

"ஐசில அப்படி இல்ல சார்," என்று பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். அவள் பிறந்தபோது தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, காதில் விழுந்தபடி 'லெட்சுமி' என்று பதிந்தது. "எனக்கு இதுதான் பேரு. வேற மாதிரி இருந்தா அந்த ஆபீஸ்ல வேற ஆளுன்னு சொல்லிருவாங்க."

கனகரத்தினம் அட்டையிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தன் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மறுபடி குடையை விரித்து மழையில் நடந்தார். அவர் முதுகு நனைந்துகொண்டே போவது தெரிந்தது.

நாங்கள் காத்திருந்தோம். வேலைக்குத் திரும்ப வருவாயா என்று கேட்டேன். அந்தக் காப்புறுதிக் கம்பெனியில் முதலில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். எனக்கு ஊரில் யார் யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் அதற்குமேல் பேச முடியவில்லை.

இருபது நிமிடம் கழித்துக் கனகரத்தினம் திரும்பி வந்தார். கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "சரியோ எண்டு பாருங்கோ, அம்மா," என்றார். அவள் பார்த்தாள், தலையசைத்தாள், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

மழை விட்டதும் சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். சிறிது நேரத்தில் வண்டி வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கேட்டைத் தாண்டியபோது நான் கையை உயர்த்தினேன். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடிதத்தை உறையிலிருந்து மறுபடி வெளியே எடுத்து, ஆரஞ்சு விரலை வரிக்கு அடியில் வைத்து, முதல் எழுத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.